பண்டிகைக்கு வந்தவள்

சித்தி மகள் எங்களிடம் வந்தபோது எங்கள் இருவருக்குமே ஒன்பது வயது. மைசூரு ரிங் ரோட்டுக்கு வெளியே, இன்னும் மனைகள் விற்காத ஒரு லேஅவுட்டில் சித்தப்பா வாட்ச்மேன். சுற்றிலும் கல் நட்ட காலி இடம். பேச்சுத் துணைக்கு ஒரு நாய். பள்ளிக்கூடம் வெகு தூரம் என்பதால் அவளுக்கு ஒரு வருடம் வீணாகியிருந்தது. இன்னொரு வருடமும் போனால் படிப்பே போய்விடும் என்று சித்தி அழுததால், ஊருக்குள் ஹெப்பாளில், ஆறு வீடுகள் ஒரே வரிசையாக இருந்த எங்கள் லைன் வீட்டுக்கு அப்பா அவளைக் கூட்டிவந்தார்.

அவளுக்குத் தெரிந்தவை: வருகிற லாரியில் இருப்பது மணலா செங்கல்லா என்று சத்தத்தை வைத்தே சொல்வது, நாள் முழுக்கப் பேசாமல், சலிக்காமல் இருப்பது, வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் கணக்கை முடிப்பது. தெரியாதவை: குழாயடியில் யாருக்குப் பின்னால் நின்றால் குடம் சீக்கிரம் நிறையும், எந்த அத்தை கோபமாக இருக்கிறாள், எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டாம். பக்கத்து வீட்டு அத்தை சோறு பிசைந்தபடி "வாடி, சாப்பிடு" என்றால், "இப்பதான் ஆச்சு அத்தை" என்போம் நாங்கள். இவள் போய் உட்கார்ந்துவிட்டாள். அத்தை தன் தட்டிலிருந்து பாதியை எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. ஒரு வாரம் சிரித்தோம். அவளுக்கு 'மக்கு' என்று பெயர் வைத்தது நான்தான்.

ஆறு வீடுகளுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. வீட்டுக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது ஓனரம்மாவின் கண்டிப்பு. எந்த வீடும் நான்கோடு நிற்கவில்லை; மூலை வீட்டில் ஒரு மாமா கூடுதல், எங்கள் வீட்டில் இப்போது இவள். மாதம் ஒரு ஞாயிறு அவர் தொட்டியைப் பார்க்க வருவார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் மிஞ்சியவர்கள் கோயிலுக்கோ கடைக்கோ போய்விடுவார்கள். மாட்டிக்கொண்டவர்கள் பண்டிகைக்கு வந்த விருந்தாளிகள் என்று சொல்லிக்கொள்வார்கள். என் நான்கு வயதுத் தம்பிக்குக்கூட இது தெரியும்.

மூன்றாம் மாதம் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஓனரம்மா வந்துவிட்டார். சிரித்துக்கொண்டே கன்னடத்தில் கேட்டார்: "ஹப்பக்கெ பந்த்யா, புட்டி?" பண்டிகைக்கு வந்தாயா, குட்டி? அப்போது பக்கத்தில் எந்தப் பண்டிகையும் இல்லை. அது அவருக்கும் தெரியும். பதிலையும் சேர்த்துத்தான் கேட்டார்.

"இல்லா ஆன்ட்டி, இல்லே இர்தீனி." இல்லை, இங்கேதான் இருக்கிறேன். மூன்று மாதமாக, அந்த மூலை வீட்டு மாமாவைப் போலவே என்றும் சேர்த்துச் சொன்னாள்.

ஆறு வாசலிலும் ஆள் நின்றது. எல்லோர் முன்பும் காதில் விழுந்ததை விழாததாக்க ஓனரம்மாவால் முடியவில்லை. அடுத்த ஞாயிறுக்குள் அவளும் அந்த மாமாவும் போக வேண்டும், இல்லையென்றால் இரண்டு வீடும் காலி செய்ய வேண்டும் என்றார். மூலை வீட்டுக்காரர்கள் எங்களோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

அம்மா என்னைத்தான் பிடித்தாள். "கூடவே படுத்துக் கெடக்கிறியே, ஒரு வார்த்த சொல்லிக் குடுக்கலயாடி?"

"இதெல்லாமா சொல்லித் தருவாங்க? எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் புத்தி எனக்குள்ளேயே முளைத்தது என்று அப்போது நம்பியிருந்தேன்.

சனிக்கிழமை சித்தப்பா வந்தார். பள்ளிப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அதன்பின் அவள் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "நான் என்னடி தப்பாச் சொன்னேன்?"

எனக்குக் கோபம் வந்தது. கேட்பது ஒன்று, கேட்பவர் மனதில் இருப்பது வேறு என்றுதான் அந்த ஆறு வாசல்களும் என்னைப் பழக்கியிருந்தன. தெரியாததால்தான் ஒருத்தி கேட்கிறாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நடிக்கிறாள் என்று நினைத்து, பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.