தூரத்திலிருந்து தொடங்கிய பக்கங்கள்

இந்த நினைவு மலரின் அட்டையில் எங்கள் நைனா முறைத்துக்கொண்டு நிற்கிறார் என்று யாரும் வருந்த வேண்டாம். கேமராவைக் கண்டால் அவருக்கு அந்த முகம்தான். உங்களில் பலருக்கு மோட்டார் சாமான் எடுத்துக் கொடுத்தபோதும் அதே முகம்தான் இருந்திருக்கும்.

மண்டகப்பட்டில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பு பத்தாவதோடு நின்றது. செஞ்சிக் கடைவீதியில் வேலைக்குச் சேர்ந்து, தொழில் பழகி, பிறகு சொந்தமாகக் கிணற்று மோட்டார் சாமான் கடை வைத்தார். கிணறுகள் வற்றி வியாபாரம் படுத்த காலத்திலும் என்னையும் இப்போது துபாயில் இருக்கும் தம்பியையும் படிக்க வைத்தார். நரை விழுந்த பிறகு கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டார். கடைக்கு வந்தவர் எவராக இருந்தாலும் பெயரும் ஊரும் போன் நம்பரும் அதில் ஏறிவிடும்.

அவருக்கு ஆறாத புண் ஒன்று இருந்தது. உறவினர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாத்தா இறந்த அன்று வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் சேதி போயிற்று. பனமலையில் இருக்கும் அத்தைக்கு, நைனாவின் ஒரே தங்கைக்கு, போகவில்லை. பக்கத்து ஊர்தானே, யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். சொல்லியிருக்க வேண்டியவர் நைனா. அத்தை வந்து சேர்ந்தபோது சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வாசலோடு திரும்பிப் போனவர், அதன்பின் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

சென்ற ஆண்டு கோடையில் நைனாவுக்கு நெஞ்சுவலி வந்து அடங்கியது. வீடு திரும்பியதுமே, கம்ப்யூட்டரில் இருக்கும் பெயர்களையெல்லாம் பிளானரில் ஏற்ற வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். ஏதோ கம்பெனி கொடுத்த ரிங் பிளானர், தாளைக் கழற்றி மாட்டும் டைரி. தாளை அதன் அளவுக்கு வெட்டி நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். முதலில் எடுத்ததில் பாதிப் பெயர்களை ரிங் ஓட்டை தின்றுவிட்டது. "சொந்தக்காரங்கள இப்படியா பொத்தல் போடுவ?" என்று திட்டினார்.

அகர வரிசையில் எடுக்கிறேன் என்றேன். கூடாதென்றார். தூரத்து ஊர்கள் முதலில், அப்புறம் சென்னை, விழுப்புரம், கடைசியில் நம்ம தெரு.

"இன்னா நைனா, இதுல பேர எப்படித் தேடுவ?"

"தேடறதுக்கு இல்லம்மா இது."

மேற்கொண்டு கேட்கப் பயந்து வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். பக்கங்களை மாட்டியபோது ரிங் மூடவில்லை. நைனா பிளானரைப் புரட்டி, அக்டோபரிலிருந்து மிச்சமிருந்த மாதத் தாள்களைக் கழற்றிக் குப்பையில் போட்டார். "இதெல்லாம் வேணாம்" என்றார். அம்மா அவற்றைப் பொறுக்கி எடுத்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

செப்டம்பரில், விடாமல் மழை பெய்த ஒரு காலையில் நைனா போய்விட்டார். கரண்ட் இல்லை, கம்ப்யூட்டரைத் திறக்க முடியாது. அவர் போன் அவர் கைரேகைக்கோ, அவருக்கு மட்டும் தெரிந்த நம்பருக்கோதான் திறக்கும். விரலை வைத்துப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார். "அவர் கைய யாரும் தொடாதீங்க!" என்று அம்மா கத்தினார். அப்போதுதான் பிளானர் ஞாபகம் வந்தது. ரிங்கைத் திறந்து, ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துக் கொடுத்தேன். எதற்காக அந்த வரிசை என்று அப்போது புரிந்தது. தூரத்தில் இருப்பவர்கள் வந்துசேர நேரம் வேண்டுமே.

முதல் பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். அதில் துபாய்த் தம்பிக்கும் மேலே பனமலை அத்தை பெயர் இருந்தது. நான் எடுத்துக் கொடுத்ததில் அது கடைசிப் பக்கங்களில்தான் இருந்தது. எனக்குத் தெரியாமல் நைனாவே மறுபடி பிரிண்ட் எடுத்து மாற்றியிருக்கிறார்.

சேதி கேட்ட அத்தை சட்டென்று போனை வைத்துவிட்டார். ஆனால் மழையில் நனைந்தபடி, நைனாவை எடுப்பதற்கு வெகுநேரம் முன்பே படியேறி வந்துவிட்டார். பக்கத்தைக் காட்டினேன். "என்னையத்தான் முதல்ல போட்டிருக்குதா அண்ணன்?" என்று நைனாவின் கால்மாட்டில் உட்கார்ந்தவரை எழுப்பவே முடியவில்லை.

அன்று பக்கத்துக்கு ஒருவராக நின்று போன் செய்த உறவினர்கள், மழையோடு மழையாகப் பந்தல் போட்ட தெருக்காரர்கள், கடையடைத்து வந்த கடைவீதி வியாபாரிகள், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இந்த முதலாண்டு நினைவு மலரையும் நைனாவின் வரிசைப்படியே அனுப்புகிறோம்.

அச்சுக்குக் கொடுக்குமுன் பனமலைக்குப் போய், இதுவரை எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்தவர், "எனக்கும் அதே மாதிரி பேருங்கள அடிச்சிக் குடு கண்ணு" என்றார்.

"முதல்ல யாரு பேர போடறது அத்த?"

அத்தை ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முதல் வரிய காலியா வுடு. அது அண்ணனுக்கு."

நான் இன்னும் அடித்துக் கொடுக்கவில்லை.