நடுங்கிய கையால் ஊட்டிய பருப்புச்சோறு

அப்பா இல்லாமல் எங்களுக்கு ஓராண்டு கழிந்துவிட்டது. இன்று ஜெபத்திற்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாகிய நான் எழுதுவது.

சாத்தான்குளத்தில் பிறந்து, துறைமுகத்தில் சரக்கு மூட்டைகளை எண்ணிக் கணக்கெழுதும் டேலி கிளார்க்காக உழைத்து, மில்லர்புரத்தில் வீடு கட்டி எங்களை ஆளாக்கியவர் அப்பா. நல்ல மனிதர், ஆனால் பெரிய பயந்தாங்கொள்ளி. துறைமுகத்திலேயே வேலை பார்த்தும் கப்பல் ஏணியில் கால் வைக்கத் தயங்குவார். அதைச் சொல்லிச் சிரிக்காத நாளில்லை எங்கள் வீட்டில்.

பயத்துக்குக் காரணம் உண்டு. சிறுவயதில் தம் தங்கையை வயிற்றுப்போக்குக்குப் பறிகொடுத்தவர் அவர். என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்கும் வயிற்றுப்போக்கு வந்து, வாரக்கணக்கில் நிற்கவில்லை. "பல்லு முளைக்கு, அப்படித்தான் போவும்" என்றார் அம்மா. அப்பா நம்பவில்லை. பிள்ளை அழும்போதெல்லாம், "ஏளா, கண்ணீர் வருதா பாரு" என்பார். உடம்பில் நீர் வற்றினால் கண்ணீர் வராது என்பது அவருக்குத் தெரியும். எதைக் கொடுத்தாலும் போகிறதே என்று பயந்து, சோற்றை அறவே நிறுத்தச் சொன்னார். தண்ணீராகக் கரைத்த ஆரோட்டுக் கஞ்சி மட்டும்தான். பிள்ளைக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒரு காலையில் அழுதான், கண்ணீர் வரவில்லை. அப்பா செருப்புக்கூடப் போடாமல் அவனை வாரிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

டிரிப்ஸ் ஏற்றிய பிறகு டாக்டரம்மா சொன்னார்: "பிள்ளை இப்படி ஆனதுக்குப் போக்கு பாதின்னா பட்டினி பாதி. உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்க. தாய்ப்பாலையும் சோத்தையும் நிறுத்தாதீங்க."

"போனாலும் கொடுக்கணுமா?" என்றார் அப்பா.

"போனாலும் கொடுக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் அப்பாவே ஊட்டினார். குழைத்த பருப்புச்சோற்றை அள்ளும் ஸ்பூன் நடுங்கும். ஊட்டிவிட்டு பிள்ளையின் வயிற்றையே பார்த்திருப்பார். போய்விட்டால் முகம் வெளிறிவிடும். துணியைத் தாமே அலசி, சோப்புப் போட்டுக் கைகழுவி, மறுபடி கிண்ணத்தை எடுப்பார். "ஊட்டுததுக்குப் பயமாருக்கு ஏளா. ஊட்டாம விடுததுக்கு அதைவிடப் பயமாருக்கு" என்றார். போக்கு மெல்ல மெல்ல நின்றது. அவன் இன்று பள்ளிக்கூடம் போகிறான்.

இதயம் தளர்ந்து படுத்த கடைசி நாட்களிலும், "பிள்ளை சாப்ட்டானா?" என்றுதான் கேட்டார்.

அன்று ஆட்டோவை விரட்டிய அண்ணாச்சிக்கும், மருத்துவர், செவிலியருக்கும், அப்பாவின் இறுதிவரை உடனிருந்த சபையாருக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி.

போன வாரம் மகனுக்கு லேசாக வயிறு சரியில்லை. இரவெல்லாம் உறங்காமல் அவன் வயிற்றையே பார்த்திருந்தேன். அப்பா இருந்தவரை நாங்கள் எல்லோரும் தைரியசாலிகள். எங்களுக்கும் சேர்த்து அவர் பயந்துகொண்டிருந்தார்.