புனிதா அக்கா சிரித்த நாள்

மலேசியாவின் கிள்ளான் நகரில் டாக்டர் திருச்செல்வத்தின் கிளினிக்கில் பல வருடங்களாகக் கவுண்டரில் இருப்பவர் புனிதா. நோயாளிகளைத் திட்டாமல் அவரால் பெயர் பதிய முடியாது. "மூணு நாளா காய்ச்சல், இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்பார். அதற்காக யாரும் வேறு கிளினிக்குக்குப் போனதில்லை.

போன வருடம் சுபாங் ஜெயாவில் கிளினிக் ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பள்ளிப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் தடுப்பூசி பற்றி எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். சிரிக்க வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும், குறுக்கே பேசக் கூடாது. குறுக்கே பேசக் கூடாது என்றதும் புனிதா "அதெப்படி?" என்று குறுக்கே கேட்டார். ஆனாலும் வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகினார். "உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கணவர் சுகுமாறன் கேட்டதை அவர் பொருட்படுத்தவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ரம்லத் தன் மகள் நிலோபரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பதினைந்து வயது நிலோபருக்கு ஆஸ்துமா, மருந்து தீர்ந்திருந்தது. புனிதா கவுண்டரை விட்டு வெளியே வந்து ரம்லத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். சிரித்தார்.

"நிலோபரைப் பத்திக் கொஞ்சம் பேசணும்மா."

ரம்லத்தின் முகம் வெளுத்தது. "ஏங்க்கா? அவளுக்கு என்ன?"

"பயப்படாதீங்க. நீங்க மொதல்ல பேசுங்க, நான் கேக்குறேன்."

அவ்வளவுதான். ரம்லத் அழ ஆரம்பித்தார். ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலையிலிருந்த கணவர் கௌஸுக்குப் போன் பறந்தது. "சீக்கிரம் வாங்க! புனிதா அக்கா சிரிக்கிறாங்க!"

புனிதா குறுக்கே பேசாமல் டிஷ்யூ எடுத்து நீட்டினார். அழுகை கூடியது.

"எனக்கு என்ன நோய், சொல்லுங்க லா!" என்றாள் நிலோபர்.

கௌஸ் தொழிற்சாலை பூட்ஸோடு ஓடி வந்தார். "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமா?"

அதற்குமேல் புனிதாவால் தாங்க முடியவில்லை.

"ஃபுளூ ஊசிய்யா! வெறும் ஃபுளூ ஊசி! ஆஸ்துமா இருக்கிற புள்ளைக்கு வருசா வருசம் போடுங்கன்னு சொல்லிச் சொல்லி டாக்டருக்குத் தொண்டை வத்திப்போச்சு. பாசார் மாலாம், ராத்திரிச் சந்தைன்னு சுத்த நேரம் இருக்கு, இதுக்கு இல்லையா?"

ரம்லத் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்! மொதல்லயே இப்படிச் சொல்லக் கூடாதாக்கா?"

நிலோபர் ஊசி போட்டுக்கொண்டாள். வந்தது வந்தாயிற்று என்று கௌஸும் சட்டைக் கையைச் சுருட்டினார்.

புனிதாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்தச் சிரிப்பு நன்றாகவே வந்திருந்தது. ஆனால் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த டாக்டர், "இதே மாதிரி மத்தவங்களையும் திட்டிக் கேட்டுடுங்க" என்றார். மாலைக்குள் கிளினிக் ஃப்ரிட்ஜில் இருந்த ஃபுளூ ஊசி அத்தனையும் தீர்ந்துபோனது.