கத்தியில் படியும் செம்பு

மின்னாற்பகுப்புப் பாடம் வந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. அல்லிநகரத்தில் வேதியியல் டீச்சர் நான். மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், கரைத்த தண்ணீரில் இரண்டு கார்பன் தண்டுகளை நிறுத்தி பேட்டரியோடு இணைப்பேன். மைனஸ் பக்கத் தண்டில் செம்பு சிவப்பாகப் படியும். மற்றதில் ஆக்சிஜன் குமிழ் விடும். "தண்ணியும் இருக்கே, ஏன் ஹைட்ரஜன் வரல டீச்சர்?" என்று யாராவது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நானே கேட்டுக்கொள்வேன். எலக்ட்ரானை எது லேசாக வாங்கிக்கொள்கிறதோ அதுதான் முந்தும். செம்பு ஹைட்ரஜனை முந்திவிடும். உப்புக் கரைசலில் சோடியத்தால் அது முடியாது. தண்ணீரிலேயே தங்கிவிடும், ஹைட்ரஜன்தான் வெளியே வரும்.

கம்பத்தில் அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். பந்தலுக்கு அடிக்கும் மருந்தை அவரேதான் கலப்பார்: மயில்துத்தமும் சுண்ணாம்பும். சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க, தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தியை உள்ளே விட்டு எடுப்பார். சிவந்தால் போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும். என் வகுப்பில் படிகிற அதே செம்புதான். பேட்டரிகூட வேண்டாம், இரும்பே எலக்ட்ரானைக் கொடுத்துவிடும்.

இந்த முறை போனபோது ஒரு வரிசை முழுக்கக் கருகியிருந்தது. "வெயிலுதான், ஆத்தா" என்றார் அப்பா.

அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "உங்கப்பாவுக்குக் கண்ணு நரம்பு போயிருச்சு, செவப்பே தெரியல, போன பார்வை திரும்பாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாக. ஆனா வேற யாரையும் கத்தியப் பாக்க விடமாட்டேங்குறாக."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை பிளாஸ்டிக் டிரம்மில் மருந்தைக் கலந்தார். கத்தியை விட்டு எடுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளிச்சென்று சிவந்திருந்தது.

"சரியா இருக்கு, அடிக்கலாம்."

"இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு ஊத்துங்கப்பா."

"நீ பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடு. இங்கன எனக்குத் தெரியும்."

மருந்தடிக்கிற ஆட்கள் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? இன்னொரு வரிசையும் கருகப் போகிறது, பார்த்துக்கொண்டு நிற்கத்தான் வந்தேன் போல.

அப்பா ஆட்களிடம் போகவில்லை. கத்தியை மண்ணில் தேய்த்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"செவந்திருக்கா, ஆத்தா?" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"ஆமாப்பா."

சுண்ணாம்பு வாளியைத் தூக்கினார். டிரம்மின் விளிம்பை ஒரு கையால் தடவிப் பார்த்து மெதுவாக ஊற்றினார். செம்பு ஏன் முந்துகிறது என்று எத்தனை பிள்ளைகளுக்கு வேண்டுமானாலும் என்னால் விளக்க முடியும். அந்த வாளியைப் பிடிக்கக்கூட அப்பா என்னை விடவில்லை.