காணாமல் போன வெண்டல்

முதியோர் இல்லத்தில் முப்பது வருடம் நர்ஸாக இருந்த மார்லிஸ், ஓய்வு பெற்றதும் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு அமெரிக்காவின் சியெரா மலைப்பாதையில் நடக்கக் கிளம்பிவிட்டாள். அந்த நெடும்பாதையில் சொந்தப் பெயர் செல்லாது, பட்டப்பெயர்தான். அவள் 'தெர்மாமீட்டர்'. நான்கு மாதமாகக் கூட நடக்கும் பெரியவர் 'ஈரச்சாக்ஸ்'.

ஆகஸ்டில் காடு பற்றிக்கொண்டது. நடப்பவர்களை அக்கரை சேர்க்க ஏரியில் கடைசிப் படகு நின்றது. வனக்காவலர் அனுமதிச்சீட்டுப் பட்டியலை வாசித்தார்.

"வெண்டல் ப்ரூட்! அந்த ஆள் வராம படகு கிளம்பாது."

புகை ஏரிவரை இறங்கிவிட்டது. எல்லாரும் கரையெங்கும் தேடிக் கத்தினார்கள். ஈரச்சாக்ஸின் குரல்தான் உரக்கக் கேட்டது. "யோவ் வெண்டல்! உன்னால நாங்க வேகணுமா?"

மார்லிஸ் கத்தவில்லை. வார்டில் செய்வதுபோல ஒவ்வொரு பையிலும் தொங்கிய அனுமதிச்சீட்டைப் படித்துக்கொண்டே வந்து, ஈரச்சாக்ஸிடம் நின்றாள்.

"உங்க பேரு என்னங்க?"

"ஈரச்சாக்ஸ்."

"அம்மா வச்ச பேரு?"

அவர் வாயைப் பிளந்தார். "அட, அந்த மடையன் நான்தானா!"

"முதல்ல படகுல ஏறுங்க. வெட்கப்படறதை நடு ஏரியில வச்சுக்கலாம்."