கிழிசலுக்கு வயது கேட்டவர்

கல்யாணமாகி வலங்கைமான் பக்கம் வந்த முதல் சம்பா நடவிலேயே என் முட்டி போனது. நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பிலிருந்து வயலில் இறங்கினேன். கால் சேற்றில் புதைந்து நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டிக்குள் ஏதோ சடக்கென்றது. மறுநாள் இளநீர்க்காய் போல வீங்கியிருந்தது.

மாமியார் நம்பவில்லை. "ஆள் கிடைக்காத நேரமாப் பார்த்து வலி வருது பாரு" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். சிங்கப்பூரிலிருந்த கணவர் வீடியோ காலில் முட்டியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அம்மா சொல்றதைக் கேளு" என்றார். நடவு முடியும்வரை அந்தக் காலோடு குனிந்தேன். கடைசியில் ஒரு காலை, முட்டி பூட்டிக்கொண்டு எழவே முடியவில்லை. அதன் பிறகுதான் மாமியார் என்னைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார், என் நடிப்பு அங்கே வெளிப்பட்டுவிடும் என்ற நம்பிக்கையோடு.

டாக்டரம்மா முட்டியில் ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை அழுத்தினார். சாம்பல் நிறப் படத்தில் ஒரு கறுப்புக் கோடு.

"இது மூட்டு ஜவ்வு. கிழிஞ்சு வெளியில பிதுங்கியிருக்கு, நீர் கோத்திருக்கு. உள்ள எவ்வளவு தூரம் கிழிஞ்சிருக்குன்னு எம்.ஆர்.ஐ.யிலதான் தெரியும். இதோடவா வயல்ல வேலை செஞ்சீங்க?"

ஒருவராவது நம்பினாரே என்று எனக்கு அழுகை வந்தது. மாமியார் திரையை உற்றுப் பார்த்தார்.

"இது எப்பக் கிழிஞ்சதுங்க? கல்யாணத்துக்கு முன்னாடியேவா?"

"ஸ்கேன்ல தேதியெல்லாம் தெரியாதும்மா."

அந்தப் பதில் அவருக்குப் போதும். வெளியே வந்ததும் என் அப்பாவுக்குப் போன் போட்டார்.

"நொண்டிப் பொண்ணை மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டீங்களே சம்பந்தி!"

மறுநாள் அப்பா கீழ்வேளூரிலிருந்து பழப்பையோடு வந்தார். அழைத்துப் போகத்தான் வருகிறார் என்று நான் துணிகளை எடுத்து வைத்திருந்தேன். அவர் மாமியார் முன் கைகட்டி நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தியம்மா. எங்களுக்கே தெரியாம இருந்திருக்கும்."

"அப்பா, பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயத்துக்கெல்லாம் போனவ நான். சொல்லுங்கப்பா."

"நீ சும்மா இரு" என்றார். காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

பல மாதம் கழித்து அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. துணைக்கு வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரியின் மகள்தான் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். கால் இன்றும் முழுதாக மடங்குவதில்லை.

அப்பா வாரம் தவறாமல் போன் செய்கிறார். மாமியார் நல்லா இருக்காங்களா என்பதுதான் முதல் கேள்வி. முட்டியைப் பற்றி இதுவரை கேட்டதில்லை.