இருபத்தெட்டு ஊசிக்குத்து

இந்த வாரப் பத்தியில் எழுதப்போவதை நான் எப்போதோ எழுதியிருக்க வேண்டும். அனுமதி கிடைக்கவில்லை.

தடை போட்டிருந்தவள் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண். போன செவ்வாய்க்கிழமை அவளே படியிறங்கி வந்தாள். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, இப்ப எழுதிக்குங்க. பேரை மட்டும் மாத்திடுங்க" என்றாள்.

மாற்றிவிட்டேன். இங்கே அவள் பெயர் கலைவாணி. அவள் கணவர் பெயர் அன்பரசு. "எனக்குக் கொஞ்சம் ஸ்டைலான பேரா வைங்கக்கா" என்று அவர் தனியாக ஒரு விண்ணப்பம் போட்டிருந்தார். மன்னிக்கவும் தம்பி, தோன்றவில்லை.

கலைவாணிக்கு முப்பது வயது. விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அன்பரசுக்குக் கோலியனூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை. அவளுக்கு அம்மா வீடு திண்டிவனம். பிரசவம் அங்கேதான் என்று முடிவானதால் டாக்டரையும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது மாதம் சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அன்பரசுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் துணைக்குப் போனேன்.

பிள்ளை பெற்றவர்களுக்கு இந்த டெஸ்ட் தெரிந்திருக்கும். எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். மளமளவென்று குடித்துவிட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அவ்வளவுதான். கேட்க எவ்வளவு சுலபம்!

கலைவாணி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு கூடச் சிரித்தாள். பத்தே நிமிடம்... வாஷ்பேசினுக்கு ஓடினாள்.

"போச்சா? பரவால்ல, நாளன்னிக்கு வாங்க" என்றார் நர்ஸ். அவருக்கு இது தினமும் நடக்கிற விஷயம்.

மறுபடி போனோம். இந்த முறை ஜில்லென்று, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார்கள். கால் மணி நேரம் தாங்கியது. அதற்கு மேல் தாங்கவில்லை.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவள் அழ ஆரம்பித்தாள். சாதாரண அழுகை இல்லை. தோள் குலுங்குகிறது, சத்தம் வரவில்லை. வாந்திக்கா இப்படி அழுவார்கள்? எனக்குப் புரியவில்லை.

"போன தடவையும் இப்படித்தாங்கக்கா" என்றாள்.

போன தடவையா? அவர்கள் எங்கள் வீட்டுக்குக் குடிவந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. எனக்குத் தெரியாத கதை ஒன்று அந்தப் பெஞ்சில் வைத்துத்தான் வெளியே வந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் முதல் பிள்ளையைச் சுமந்திருக்கிறாள். அப்போது பார்த்தது வேறு ஊரில், வேறு டாக்டரிடம். அன்றும் குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்து வாந்தி எடுத்திருக்கிறாள். இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். இவர்கள் போகவில்லை. யாரும் மறுபடி கேட்கவும் இல்லை. ஒன்பதாவது மாதத்தில், வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றுவிட்டது.

"சுகரா இருந்திருக்கலாம்னு ஒருத்தர் சொன்னாங்க. அதெல்லாம் இல்லன்னு இன்னொருத்தர் சொன்னாங்க. கடைசி வரைக்கும் எதுன்னே தெரியலக்கா."

நான் பதினோரு வருடமாகச் சர்க்கரைக்காரி. எந்த ஓட்டலில் எந்தச் சட்னியில் வெல்லம் போடுகிறார்கள் என்றுகூடச் சொல்வேன். அந்த நிமிடம் அதெல்லாம் எதற்கு உதவும்? தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். அவ்வளவுதான் முடிந்தது.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். விக்கிரவாண்டி தாண்டியதும் தீர்ப்பு சொன்னார். "அந்தத் தண்ணிய இன்னாத்துக்கும்மா குடிச்சிக்கினு கஷ்டப்படற? ரெண்டு கிளாஸ் கரும்பு ஜூஸ் குடி, போய் ரத்தத்தக் குடு. எல்லாம் ஒண்ணுதான்."

வீட்டுக்கு வந்தால் அன்பரசு செல்போனும் கையுமாக நிற்கிறார். "அக்கா, ஃபாரின்ல எல்லாம் மிட்டாய எண்ணிக் குடுத்து டெஸ்ட் எடுக்கறாங்களாம். நம்மளும் கேட்டுப் பார்க்கலாமா?" எதிர்வீட்டில் இரண்டு ஜிலேபியைச் சிபாரிசு செய்தார்கள். ஜவுளிக்கடையில், மூன்று மாதச் சராசரி பார்க்கிற டெஸ்ட் ஒன்று இருக்கிறதே, அதை எடுத்தால் போதாதா என்றார்களாம். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஊரில் எத்தனை மாற்று!

எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டு, மூன்று பேருமாக டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் பொறுமையாகக் கேட்டார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"ஜிலேபியில எவ்வளவு சர்க்கரைன்னு போட்ட மாஸ்டருக்கே தெரியாது. கரும்பு ஜூஸும் அப்படித்தான். கொடுக்கற சர்க்கரை அளவு தெரிஞ்சாத்தான் ரத்தத்துல வர்ற நம்பருக்கு அர்த்தம். மிட்டாய் முறை சில இடத்துல இருக்கு. ஆனா அதை எல்லா டாக்டரும் ஒத்துக்கறதில்ல. மூணு மாச டெஸ்ட்டை மட்டும் நம்ப முடியாது. கர்ப்பத்துல ரத்தமே மாறுது, நம்பர் குறைச்சலாக் காட்டிடும்."

"அப்ப விட்டுடலாமா மேடம்?" என்றாள் கலைவாணி. குரலில் பாதி பயம், பாதி ஆசை.

"விடக்கூடாது. குளுக்கோஸ் டெஸ்ட்தான் முதல் வழி. வயித்துல நிக்கலைன்னா இன்னொரு வழி இருக்கு. வீட்டுலயே மெஷின் வெச்சு ஒரு வாரம் பாருங்க. காலையில வெறும் வயித்துல ஒண்ணு. மூணு வேளையும் சாப்பிட ஆரம்பிச்சதுலேர்ந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒவ்வொண்ணு. வெறும் வயித்துல தொண்ணூத்தஞ்சுக்குள்ள இருக்கணும், சாப்பிட்டப்புறம் நூத்தி இருபதுக்குள்ள. வழக்கமா சாப்பிடறதையே சாப்பிடுங்க. எனக்காகப் பட்டினி கிடக்காதீங்க."

ஒரு நாளைக்கு நான்கு குத்து. ஏழு நாளைக்கு இருபத்தெட்டு.

அன்பரசு அன்றே மெஷின் வாங்கிவிட்டார். ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் அவருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். இரும்பை வெட்டுகிற மனிதர்! ஆகவே குத்துகிற உத்தியோகம் எனக்கு வந்தது. எனக்குத்தான் பதினோரு வருட சர்வீஸ் இருக்கிறதே. விரல் நுனியில் நடுவே குத்தக்கூடாது, ஓரத்தில் குத்தினால் வலி குறைவு — இதெல்லாம் என் சொந்தக் கண்டுபிடிப்பு.

திங்கள், செவ்வாய், புதன். வெறும் வயிற்றில் எண்பத்தேழு, தொண்ணூறு. பிரச்சினையே இல்லை. மதியமும் இரவும் பரவாயில்லை. காலை டிபனுக்குப் பிறகுதான் தகராறு. திங்களன்று நூற்றுப் பத்தொன்பது. செவ்வாய் நூற்று முப்பத்தொன்று. புதனன்று, "இட்லி வேண்டாங்கக்கா, கேப்பைக் கூழ் குடிக்கறேன், அது சுகருக்கு நல்லதாச்சே" என்று பெரிய சொம்பு நிறையக் குடித்தாள். நூற்று நாற்பத்திரண்டு! கூழைக் குறை சொல்லவில்லை. சொம்பைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு நம்பருக்கும் அவள் முகம் ஒரு படி இறங்கியது.

வியாழன், வெள்ளி நான் ஊரில் இல்லை. பனமலையில் தங்கை வீட்டு விசேஷம். "நானே குத்திக்கறேன், நீங்க போய்ட்டு வாங்கக்கா" என்று அனுப்பிவைத்தாள்.

சனிக்கிழமை வந்து, நம்பர்களை எழுதிவைக்கும் தாளைப் பார்த்தேன். வியாழன் காலை டிபனுக்குப் பிறகு நூற்றுப் பதினெட்டு. வெள்ளி காலை நூற்றுப் பதினேழு.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏன் தெரியுமா? நானும் திருடி. டெஸ்ட்டுக்கு மூன்று நாள் முன்பே சாதத்தைக் குறைத்து, ஸ்வீட்டை மறந்து, நல்ல பிள்ளையாகப் போய்க் கை நீட்டுகிறவள். எல்லைக் கோட்டுக்கு ஒரு பிடி உள்ளே அழகாக உட்கார்ந்திருக்கும் நம்பரை என்னால் மோந்தே கண்டுபிடிக்க முடியும்.

மெஷினில் பழைய கணக்கெல்லாம் பதிவாகியிருக்கும். பட்டனை அழுத்தினேன். வியாழன் நூற்று ஐம்பத்தொன்று. வெள்ளி நூற்று நாற்பத்தாறு.

"கலை... இது இன்னாம்மா?"

அவள் மறுக்கவில்லை. மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சுகர் இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா, போன தடவையும் அதுதான்னு ஆயிடுங்கக்கா. ஒரு டம்ளர் தண்ணியக் குடிக்க முடியாம எம்புள்ளைய நானே... அப்படித்தானே ஆவும்?"

நல்ல வேளை, இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அப்போதுதான் ஹெல்மெட்டும் கையுமாக கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கடைசி வார்த்தைகள் அவர் காதில் விழுந்திருந்தன. என் கையிலிருந்த தாளையும் மெஷினையும் பார்த்தார். ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு படி கீழே, அவள் காலடியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நீ மறுபடி போலாம்னுதான் சொன்ன" என்றார். "நாந்தான் வேணாம்னேன். ஓவர்டைம் போயிடும், சும்மா பேஜாரு பண்ணாத, எல்லாம் நல்லாத்தான் இருக்கும்னு சொன்னேன். மூணு வருஷமா நீ அதை ஒரு தடவ கூடச் சொல்லிக் காட்டல. நீ சொல்ல மாட்டேங்கறியேன்னுதான் எனக்குத் தூக்கம் வரல."

கலைவாணி அவரைப் பார்த்தாள்.

"அது எதனாலன்னு டாக்டருங்களுக்கே தெரியல. நமக்கு எப்படித் தெரியும்? இந்தப் புள்ளைக்கு இன்னா வேணும்னு பார்ப்போம். உள்ள நம்பர எழுது கலை."

நான் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டேன். சில சமயம் பத்தி எழுதுகிறவர்களும் நாகரிகமாக நடந்துகொள்வோம்.

திரும்பி வந்தபோது தாளில் நூற்றுப் பதினெட்டும் நூற்றுப் பதினேழும் அடிக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் சரியான நம்பர், அவள் கையெழுத்தில்.

திங்களன்று தாளைப் பார்த்த டாக்டரம்மா அடித்தல் மேல் விரலை வைத்தார். "திருத்தினதுதான் சரியானதா?"

"ஆமாங்க மேடம்."

"சரி, அதை வெச்சுப் பார்ப்போம்." அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. "கர்ப்ப காலச் சர்க்கரைதான். பயப்படாதீங்க. முதல்ல சாப்பாட்டை மாத்துவோம், நடப்போம். அதுல அடங்கலைன்னா இன்சுலின். எதுவா இருந்தாலும் குழந்தையை அடிக்கடி பார்த்துக்கினு இருப்போம்." அவரை அறியாமலே நம்ம ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. எனக்கு என்னவோ அந்த 'பார்த்துக்கினு'வில்தான் தைரியம் வந்தது.

சொம்பு டம்ளரானது. நான்கு இட்லி இரண்டானது. கூடவே ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல். சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேகவைத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை. சாப்பிட்டதும் எங்கள் தெருவில் இருபது நிமிட நடை. துணைக்கு நானும். இரண்டாவது வாரமே காலை டிபன் நம்பர் நூற்றுப் பத்துக்கு இறங்கியது. இன்சுலின் தேவைப்படவில்லை. துணைக்கு நடந்ததில் என் நம்பரும் இறங்கியது தனிக்கதை. அதற்கு யாரும் என்னைப் பாராட்டவில்லை.

நம்மில் பல பேர் டெஸ்ட்டைப் பரீட்சையாகத்தான் பார்க்கிறோம். மார்க் குறைந்தால் அவமானம். மறைத்துவிட்டால் பாஸ். ஆனால் இந்தத் தாளைத் திருத்துகிறவர் நம்மைத் திட்டுவதற்காக உட்கார்ந்திருக்கவில்லையே? அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லத்தானே இருக்கிறார்? கலைவாணிக்குக் குளுக்கோஸ் தண்ணீருக்கு மாற்று கிடைத்தது. உண்மையான நம்பருக்கு மாற்று கிடையாது. (உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு எது சரி என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். என் பத்தியை மருந்துச் சீட்டாகக் கொண்டுபோய்விடாதீர்கள்.)

திண்டிவனத்தில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ தொள்ளாயிரம். அன்பரசு போனில் எடையை மூன்று தடவை சொன்னார். நான்காவது தடவை சொல்ல முடியவில்லை.

பிரசவமானதும் சர்க்கரை போய்விட்டதா என்று ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தே ஆக வேண்டுமாம். பல பேர் போவதே இல்லையாம். கலைவாணி போனாள். போன திங்கட்கிழமை. அதே குளுக்கோஸ் தண்ணீர். இந்த முறை குடித்தாள், வயிற்றில் நின்றது. ரிசல்ட்டும் நார்மல். வருடா வருடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த இரண்டு மணி நேரமும் குழந்தை என் மடியில் இருந்தது. அவள் பால் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் தந்தாள். ஆனாலும் வீறிட்டு அழுதது. தோளில் போட்டேன், தட்டினேன், எழுந்து நடந்தேன். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற அழுகை. காத்திருந்தவர்கள் எல்லாம் என்னை முறைத்தார்கள்.

"இவ அம்மாவைப் பாருங்க, கொஞ்சமாவது கவலைப்படறாளா?" என்றார் பக்கத்தில் ஒருவர்.

கலைவாணி சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, போன தடவை கேட்கக் கிடைக்காத அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.